அடுத்த ஆள் தயார்

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக டெண்டர் விட்டால் ஸ்டேஷன் கட்டி முடிவதற்குள் கிழடு தட்டிவிடும் என்று ரயில் நிர்வாகம் புது ஏற்பாடு செய்தது. மூன்று காண்டிராக்டர்களைப் பொதுவாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். வரைபடம் துண்டு துண்டாக வரும். வர வர வேலை நடக்கும். ஒருவர் நின்றால் அடுத்தவர்.

முதல் ஆள் பெரிய மேஸ்திரி. இரண்டாவது அவருடைய தம்பி. இன்ஜினியர் மேடத்திடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனை உள்ளே நுழைத்ததே அவர்தான்.

நடைமேடையை நீட்டும் வேலை. பள்ளத்துக்கு எப்படி முட்டுக்கொடுப்பது என்ற வரைபடம் இன்னும் வரவில்லை. "தோண்டுங்க, அது பின்னாடியே வருது" என்றார் மேடம். தோண்டினார்கள். உள்ளே இறங்கிய மேஸ்திரியின் மருமகன்மேல் மண் சரிந்தது. வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"நாலு நாள் வேலைய நிறுத்தி வைங்க மேடம்."

"நீங்க தாராளமா லீவு எடுத்துக்குங்க. காண்டிராக்டே அதுக்குத்தானே இப்படிப் போட்டிருக்கோம்."

அடக்கத்துக்குத் தம்பி வரவில்லை. மறுநாள் மகள் சொன்னாள்: "அவர் விரல்ல மோதிரம் இல்லப்பா. மண்ணுலதான் கிடக்கும்."

மேஸ்திரி அடித்துப் பிடித்து ஓடினார். பள்ளத்தின் ஓரம் தம்பியின் கான்கிரீட் லாரி சுழன்றுகொண்டிருந்தது.

"ஒரு மணி நேரம் பொறுடா. மாப்ள மோதிரம் உள்ள கிடக்கு."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கலவை இறுகிடும்ணே. நான் நிறுத்தினா மூணாவது ஆளு வந்து நிப்பான்."

"நீ தோள்ல தூக்கி வளத்த பொண்ணுடா அவ!"

தம்பி டிரைவரைப் பார்த்து விரலை அசைத்தான். கலவை பள்ளத்துக்குள் கொழகொழவென்று இறங்கியது.

மேடம் வந்தார். "வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு. கிழக்குப் பக்கம் படிக்கட்டு வேலை வந்திருக்கு. தயாரா, இல்ல மூணாவது ஆளக் கூப்பிடவா?"

மேஸ்திரிக்கு அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. வாயோ, "தயார்தான் மேடம்" என்றது.

சாயங்காலம் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். "கிடைச்சுதாப்பா?"

"பள்ளம் பூரா சலிச்சுப் பாத்தாச்சும்மா. உன் சித்தப்பாவும் கூட நின்னு தேடினான்."

"சித்தப்பாவா?" அவள் கண் கலங்கியது. நன்றி சொல்லப் போனை எடுத்தாள்.

மேஸ்திரி தடுக்கவில்லை. படிக்கட்டு வேலைக்கு ஆள் சொல்லத் தன் போனைத் தேடிக்கொண்டிருந்தார்.