கடலுக்கு அஜீரணம் வந்த செவ்வாய்க்கிழமை

1988 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று இருபதுக்கு பெனிமாரா ஊர்க் கடலுக்கு அஜீரணம் ஏற்பட்டது. காரணம், சரகோசாவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்த அராசெலி என்ற பதினான்கு வயதுப் பெண். சாப்பிட்டு முடித்த பதினோராவது நிமிடம் அவள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

பெனிமாராவில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கடலில் இறங்கலாம். இது சட்டப் புத்தகத்தில் இல்லை. சட்டத்தை மீறியவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர் உண்டு, இதை மீறியவர் ஒருவரும் இல்லை. நகராட்சித் தலைவரே குடைக்கடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசிக் கரண்டிச் சோற்றிலிருந்து கணக்கா, அதற்குப் பிறகு தின்ற பீச் பழத்திலிருந்து கணக்கா என்ற தகராறில் இரண்டு குடும்பங்கள் ஆறு கோடைகளாகப் பேசிக்கொள்வதில்லை. மீறினால் பிள்ளைக்கு வயிறு பிடித்துக்கொள்ளும், அப்படியே மூழ்கிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். பிடித்துக்கொள்ளப்போவது கடலின் வயிறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அராசெலி துணிச்சல்காரி இல்லை. பயந்துதான் ஓடினாள். ஜூன் கடைசியில் பள்ளியில் கொடுத்த மதிப்பெண் தாளில் கணக்கு மூன்று, இயற்பியல் இரண்டு, லத்தீன் நான்கு, மதபோதனை நான்கு என்று இருந்தது. பத்துக்கு ஐந்து எடுத்தால்தான் தேர்ச்சி. மதபோதனையில் தோற்பதற்குத் தனி உழைப்பு வேண்டும், அதையும் அவள் செய்திருந்தாள். தோற்றவர்கள் செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். அதாவது ஊரே கடலில் கிடக்கும்போது இவள் மட்டும் அறைக்குள் புத்தகத்தோடு கிடக்க வேண்டும். எனவே ஊருக்கு வந்த முதல் நாளே தாளைச் சுருட்டி எலுமிச்சை சோடா பாட்டிலுக்குள் திணித்து, பாறை முனையில் நின்று கை வலிக்க எறிந்துவிட்டாள். அம்மா ஃபெலிசாவிடம், இந்த வருடம் மார்க் தபாலில் வரும் என்று சொன்னாள். நாற்பது நாள் அந்தப் பொய் ஒழுங்காக ஓடியது. அன்று மதியம் கடற்கரைக் குடைக்கடியில் அம்மா சட்டியில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

“உங்க டீச்சரம்மா பக்கத்து ஊர்லதான் தங்கியிருக்காங்களாம்டி. நாளைக்குப் போயி நேர்லயே கேட்டுட்டு வந்துடுறேன்.”

அராசெலியின் கால்கள் அவளைக் கேட்காமலே எழுந்து ஓடின. அந்தக் கடற்கரையில் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒன்று குடை, இல்லை கடல். மார்பளவு ஆழத்துக்குப் போன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கரையில் மூவாயிரம் பேர் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

கடல் முதலில் உறுமியது. விருந்துக்கு மறுநாள் பெரிய வயிறு உறுமுகிற அதே சத்தம். பிறகு தண்ணீர் முப்பது அடி பின்வாங்கி, அவளை ஈர மணலில் நிற்கவைத்துவிட்டு, ஒரு பெரிய ஏப்பம் விட்டது. மதியச் சோற்றில் போட்ட குங்குமப்பூவின் வாசனை வந்தது. நாற்பத்தாறு குடைகள் பறந்தன. அதற்குப் பிறகு கடல், விழுங்கியதையெல்லாம் திருப்பித் தர ஆரம்பித்தது. கடைசியாக விழுங்கியது முதலில் வரும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். ஆனால் கடல் ஒழுங்கானது. பழையதிலிருந்து தொடங்கி வருடவாரியாகக் கொடுத்தது. மருந்துக்கடைக்காரர் மூன்று மூட்டை சோடா உப்பு கொண்டுவந்து கொட்டினார். கடல் நுரைத்துப் பொங்கி, இன்னும் வேகமாகக் கொடுத்தது.

செருப்புகள் வந்தன, எல்லாம் இடது கால். மூக்குக் கண்ணாடிகள், ஒரு டிரம்பெட், இரண்டு பல்செட், பதினோரு கல்யாண மோதிரங்கள் வந்தன. மோதிரங்களில் மூன்றைத் தங்களுடையது இல்லை என்று உரியவர்கள் மறுத்துவிட்டார்கள். தொலைந்த பிள்ளைகளின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும் ஃபுவென்சாந்தா, அதே குரலில், அதே நிதானத்தில், பொருளையும் வருடத்தையும் வாசித்தாள். ஜனங்கள் அலைக்கு அலை கைதட்டினார்கள். கிடைத்த டிரம்பெட்டை ஒருவர் ஊத, ஈரமாக இருந்தாலும் அது பாடியது, நூறு பேர் ஆடினார்கள். அராசெலி மட்டும் வருடங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் 1932. இன்னும் ஐம்பத்தாறு இருக்கிறது.

அந்த 1932இல்தான் முதல் பாட்டில் வந்தது. ஃபுவென்சாந்தா மூடியைத் திறந்து, உள்ளே இருந்த தாளை விரித்து, எவுதிமியோ என்ற மாணவன் எண்கணிதத்தில் தோல்வி என்று வாசித்தாள். பக்கத்துக் குடையின் எவுதிமியோ ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மெதுவாக எழுந்து, தொப்பியைக் கழற்றினார்.

“முப்பத்தெட்டு வருஷம் பேங்க்ல உக்காந்து ஊரார் கணக்கைப் பாத்தேன். ஒருத்தனும் கேக்கலையேப்பா.”

அதன்பின் பாட்டில்கள் கூட்டமாக வந்தன. மது பாட்டில், பால் பாட்டில், இருமல் மருந்து பாட்டில். மருந்துக்கடைக்காரர் வேதியியலில் தோற்றிருந்தார். நகராட்சித் தலைவர் மூன்று பாடங்களில். 1951இல் பங்குத் தந்தை, மதபோதனையில். அப்போது சிரிப்பில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், அவர்களுக்குத் தண்ணீர் தெளித்தது பங்குத் தந்தைதான்.

1964இல் ஃபுவென்சாந்தா வாசித்தாள்: ஃபெலிசா லகுனாஸ், சரகோசா. கணக்கு மூன்று, லத்தீன் நான்கு, தையல் இரண்டு.

அராசெலி திரும்பிப் பார்த்தாள். வாழ்நாளில் ஒரு பரீட்சையிலும் தோற்றதில்லை என்று வாரம் ஒருமுறையாவது சொல்கிற அம்மா, காலியான சட்டியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. அராசெலி ஈரத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். 1970 போனது. 1979 போனது. பிளாஸ்டிக் வாளிகள் படை படையாக வந்தன. 1985இல் அவளால் தாங்க முடியவில்லை.

“அம்மா, கடைசியில என்னுதும் வரும்.”

அம்மா துடைப்பதை நிறுத்தினாள். “எத்தனை?”

“நாலு.”

“நாலா? எனக்கே மூணுதானடி. எதெது?”

“கணக்கு, இயற்பியல், லத்தீன், அப்புறம் மதபோதனை.”

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சட்டி மடியிலிருந்து உருண்டு ஓடும் அளவுக்குச் சிரித்தாள்.

“அப்போ எந்திரிச்சுப் போயி ஃபாதர் பக்கத்துல உக்காந்துக்கோ. அவருக்கும் ஒரு துணை வேணும்.”

சோடா பாட்டில் ஆறே முக்காலுக்கு வந்தது. நான்கு பாடங்களையும் ஃபுவென்சாந்தா ஒன்றுவிடாமல் வாசித்தாள். மூவாயிரம் பேர் பார்க்க, அம்மாவே நேராக நடந்துபோய் இரண்டு தாள்களையும் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தாள். மறுநாள் காலையிலிருந்து அராசெலி குடைக்கடியில் உட்கார்ந்து படித்தாள். கணக்குச் சொல்லித் தர எவுதிமியோ முன்வந்தார், யாரும் அனுமதிக்கவில்லை. செப்டம்பரில் அவள் கணக்கு, இயற்பியல், லத்தீன் மூன்றிலும் தேறினாள். மதபோதனையில் மறுபடியும் நான்கு.

இப்போதெல்லாம் ஆகஸ்ட் இரண்டாம் செவ்வாயன்று, குலுக்கல் முறையில் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, வாயில் சோறு இருக்கும்போதே நகராட்சி கடலில் இறக்குகிறது. பொருள் தொலைத்தவர்கள் மடக்கு நாற்காலியோடு வந்து வரிசையில் உட்காருகிறார்கள். போன வருடம் ஒரு கார் வந்தது, உரியவர் சாவியோடு தயாராக இருந்தார். தோற்ற பிள்ளைகள் மார்க் தாளைக் கடலில் எறிவதில்லை. ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையில் கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள். மலைக்கு இதுவரை வயிற்றுக் கோளாறு எதுவும் வந்ததாகத் தகவல் இல்லை.