மஞ்சள் சட்டையின் அளவு

தொழிற்சாலை பெல்ட்டில் மஃபின்கள் வந்துகொண்டிருந்தன. பெட்டிக்கு ஆறு. சீமோனின் கை ஐந்தோடு மூடியை அமத்திவிட்டது.

"டேய் மாப்பிளை! ஒண்டை நீ விழுங்கிப்போட்டியோ?" எதிரே நின்ற நவரட்ணம் கத்தினார்.

"கணக்குப் பிழைச்சுப்போச்சு அண்ணை."

"பிழைக்கும், பிழைக்கும். இன்னும் இருபது நாளில தகப்பன். உனக்கு இப்ப ஒண்டும் ஒண்டும் மூண்டுதானே!"

வரிசை முழுக்கச் சிரித்தது. சீமோனும் சிரித்தான். அன்று பின்னேரம் டிக்கெற் எடுக்கும்வரை அந்தச் சிரிப்பு இருந்தது.

டிக்கெற் கடை மங்கையற்கரசி அன்ரி அவனுடைய பயணப் பத்திரத்தை மூன்று தரம் புரட்டினார்.

"தம்பி, உன்ர மனிசி தாய்லாந்துப் பிள்ளை எண்டு ஒரு வருச நீடிப்புத் தந்திருக்கினம். சரி. றீ-என்றி முத்திரை எங்க?"

"உதில மார்ச் வரைக்கும் எண்டு கிடக்குதானே அன்ரி?"

"உது அங்க இருக்கிறதுக்கு. வெளிய போய்த் திரும்பி வாறதுக்கு வேற முத்திரை. அதைக் குத்தாமல் பிளேன் ஏறின உடனை உது செத்துப்போச்சு."

அன்ரி தூதரகத்துக்குப் போன் எடுத்தார். புது விசா வேண்டும். கனடாப் பாஸ்போட் இல்லாத அகதிப் பத்திரக்காரன் என்றபடியால் பாங்கொக்கின் அனுமதியும் வரவேண்டும். மூன்று மாதம் ஆகும்.

அந்த முத்திரையைப் பற்றிச் சீமோனுக்குத் தெரியாமல் இல்லை. பாங்கொக்கில் அதைக் குத்தும் யன்னல் இருந்த குடிவரவு வளவுக்குள்தான், கனடா அவனை எடுப்பதற்கு முன், பதினொரு மாதம் அவனை அடைத்து வைத்திருந்தார்கள். வாசலில் சோற்றுப் பார்சல் விற்கும் அவன் மனைவி நொய் அங்கேதான் அவனுக்கு அறிமுகமானாள். தொழிற்சாலை லே-ஓஃப் என்று வேலையை நிறுத்திவைத்தபோது கனடாவிலிருந்து அவளிடம் போயிருந்தான்; நீடிப்புக்குப் போன நாளில் அவள் அவன் கையை விடவேயில்லை. ஓகஸ்டில், முத்திரைக்குப் போனபோது, அப்படி முடியவில்லை. தொழிற்சாலை, பத்து நாளுக்குள் வராவிட்டால் வேலை இல்லை என்று கடிதம் போட்டிருந்தது. நொய் அடுப்படியில் நின்றாள். தனியாகப் போனான். உள்ளே யாரோ திறப்புக் கோர்வையைக் குலுக்கினார்கள். அந்தச் சத்தத்தோடு முத்திரை குத்தாமலே ஓடிவந்து, "குத்தியாச்சு" என்று பொய் சொன்னான்.

கனடாவில், மல்வேர்னில் றீற்றா அக்கா வீட்டுக் குசினிக்குள் நின்று, நொய்யோடு கதைக்கப் போன் காட் இலக்கங்களை அமத்தினான்.

"சீமோன், சாப்பிட்டியோ?" தடுப்பில் கிடந்த தமிழ்ப் பெடியங்களிடம் நொய் பொறுக்கிய தமிழ்.

"நொய், நான் அண்டைக்கு முத்திரை குத்தேல்லை."

"தெரியும். வாசல் காவல்காரர் சொன்னது. உன்ர புருசன் வந்தது, நிண்டது, ஓடினது எண்டு."

"ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"உன்ர சேட் முழுக்க வேர்வை. எப்பிடிக் கேக்கிறது?" அவள் மூச்சு வாங்கினாள். "கவலை வேண்டாம். நாளைக்கு நான் போறன். அந்த யன்னல் ஒபிசர் ஒவ்வொரு நாளும் என்னட்டைத்தான் சோறு."

மறுநாள் அவன் அடித்த முதல் மணியிலேயே நொய் போனை எடுத்தாள்.

"என்னவாம்?"

"நல்ல மனுசன். கதிரை தந்தது. தண்ணி தந்தது. போறவர்தான் வரவேணுமாம், போக முதல் வரவேணுமாம். சட்டப் புத்தகம் திறந்து காட்டினது. பிறகு ரெண்டு பார்சல் வாங்கினது. மிளகாய் கூடப் போடச் சொன்னது."

"பிள்ளை பிறக்கேக்க நான் இல்லை, நொய்."

"பிள்ளை காதுக்குப் போன் வைப்பன். நீ கதை. நல்ல தமிழ் கதை, என்ர தமிழ் வேண்டாம்."

அக்கா அடுப்பை அணைத்தாள். "நொய்யை இஞ்ச ஸ்பொன்சர் செய்த பைலும் அசையேல்லை. ஆறு மாதம் எண்டவங்கள், ஒண்டரை வருசமாச்சு. பிள்ளைக்கு வாங்கின சட்டையைத் தபாலில அனுப்புவமோ?"

"இல்லை அக்கா. போகேக்க நான் கொண்டுபோறன். அளவு மாத்தவேணும்."

சனிக்கிழமை, கடையில் சாமான் மாற்றும் மேசையில் ஷாமிலா என்று பெயர்ப்பட்டி குத்திய பிள்ளை நின்றாள். சீமோன் மஞ்சள் சட்டையை நீட்டினான். நெஞ்சில் ஒரு வாத்து.

"சைஸ் சின்னனா அங்கிள்? பேபிக்கு எத்தனை மன்த்ஸ்?"

"இன்னும் பிறக்கேல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆறு மாத அளவில் அதே மஞ்சளை எடுத்து வந்து வைத்தாள்.

சீமோன் அதைத் தன் கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை விரித்தான். வாத்தின் மேல் இருந்த மடிப்பை விரலால் நீவினான். பிறகு கவனமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"பிள்ளை, ஒரு வயசு அளவு இருக்கோ?"