பாதி நெற்றி

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாராளின் மகள் ஜெனிஃபர் கடற்கரையில் சங்குமாலைக் கடையைத் திறக்கப் போயிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பெண். விடுமுறைக்கு மட்டும் அந்த வேலை. அவளைத் தேடி ஓடிய சாராளை அலை ஒரு சுவரில் அறைந்து இடுப்பெலும்பை முறித்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நடந்து வெளியே வர மாதங்கள் ஆயின.

அடையாளம் தெரியாத உடல்களைப் புதைப்பதற்கு முன் படம் எடுத்துப் பேரூராட்சி அலுவலகக் கணினியில் ஏற்றியிருந்தார்கள். ஜெனிஃபர் கிடைக்காததால் கணவன் ஞானதாஸ் பார்க்கப் போனார். இரண்டு படங்களுக்கு மேல் முடியவில்லை.

"என்னால ஆவல சாராளு. தண்ணில ஊறின மூஞ்சிங்க. நீ வந்து பாரு. பெத்தவளுக்குத் தெரியும்."

சாராள் கோலூன்றிப் போய்ச் சேர்ந்தபோது கணினித் திரை இருண்டு கிடந்தது. அதை இயக்கும் துரை தலைகுனிந்து சொன்னான்:

"வைரஸ் வந்துடுச்சுக்கா. மெயில்ல வந்துச்சு. எல்லாம் பூடுச்சு."

வைரஸ் என்றால் காய்ச்சல் என்றுதான் சாராளுக்குத் தெரியும்.

"எப்போ சொஸ்தமாவும்?" என்று கேட்டாள்.

படங்களுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் பிரார்த்தனை வைத்துவிடலாம் என்று ஞானதாஸ் கேட்டபோதெல்லாம் சாராள் மறுத்தாள். பார்க்காமல் எப்படிப் புதைப்பது?

நான்கு ஆண்டுகள் போயின. நாவலூர் கணினிக் கம்பெனி ஒன்றிலிருந்து மேக்னா என்ற பெண் அந்த அலுவலகத்துக்கு வந்தாள். உள்ளாட்சிக் கணினிகளை யாராவது தாக்கினால் எவ்வளவு ஆபத்து என்று மதிப்பிடுவது அவள் வேலை. செயல் அலுவலர் ராஜாராம் சிரித்தார்.

"இங்க வந்து எவன் மேடம் தாக்கப் போறான்? இன்னா கீது இங்க? ஒருதபா வைரஸ் வந்துச்சு. வரிக் கணக்கெல்லாம் பேப்பர்லயே இருந்துச்சு. நஷ்டம் ஒண்ணுமில்ல. ஆபத்து கம்மின்னு போட்டுக்கோங்க."

மேக்னா அப்படியே குறித்துக்கொண்டிருந்தபோது சாராள் வாசலில் வந்து நின்றாள்.

"அந்தப் படம் வந்துச்சா துரை?"

துரை எல்லாவற்றையும் மேக்னாவிடம் சொன்னான். மேக்னா அதன்பின் எழுதவில்லை. அழிந்த படங்கள் ஏதாவது மீளுமா என்று பார்க்க, மூலையில் போட்டிருந்த அந்தப் பழைய கணினியின் வன்வட்டைக் கழற்றித் தரச் சொன்னாள்.

"உறுதியா சொல்ல முடியாதுக்கா. முயற்சி பண்றேன்."

"ஒண்ணு கெடச்சாலும் போதும்மா."

சில வாரங்கள் கழித்து மேக்னா மடிக்கணினியோடு சாராளின் வீட்டுக்கே வந்தாள். மீண்டவை கொஞ்சம்தான். ஞானதாஸ் வெளியே போய் நின்றுகொண்டார். சாராள் ஒவ்வொரு முகத்தையும் நின்று நிதானித்துப் பார்த்தாள். "இது எந்தத் தாயி பெத்ததோ" என்று ஒவ்வொன்றுக்கும் முணுமுணுத்தாள். எதுவும் அவளுடையதில்லை.

கடைசிப் படம் பாதியில் நின்றது. ஈரத் தலைமுடி, நடுவகிடு, நெற்றியில் பாதி. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"கீழ வராதாம்மா?"

"வராதுக்கா. அவ்வளவுதான் மிச்சம்."

சாராள் திரையில் அந்த வகிட்டின்மேல் விரலை வைத்தாள்.

"நடுவாலதான் எடுப்பா," என்றாள். பிறகு விரலை எடுத்துக்கொண்டாள். "எல்லாப் பொண்ணுங்களும் அப்டித்தான எடுக்குதுங்க."

மேக்னா ஆபத்து மிக அதிகம் என்று அறிக்கை கொடுத்தாள். ராஜாராம் முணுமுணுத்தாலும், பிரதி எடுத்து வைக்க ஒரு தனி வட்டு வாங்கினார். துரை வாரந்தோறும் பிரதி எடுத்தான்.

அந்த டிசம்பரில் சாராள் பிரார்த்தனைக்குச் சம்மதித்தாள். கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெனிஃபரின் பெயரைச் சொல்லி, கர்த்தருக்குள் நித்திரையடைந்த மகள் என்று தொடங்கியதும், அவள் கோலை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

"நான் பாக்கலியே ஐயா," என்றாள். "நான் இன்னும் பாக்கலியே."

போதகர் நிறுத்தினார். ஞானதாஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.