இரண்டு டைமன்

எதிரே இருந்தவர் சீட்டுகளை விசிறிபோல் விரிக்கவில்லை. கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைவாயில் சொத்தை தேடுவதுபோல் எட்டிப் பார்த்தார். பல் டாக்டர், தொழிலை விட்டுவிட்டு மகன் வீட்டுக்கென்று இந்த ஊருக்கு வந்தவர். அந்த நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். துடைத்து முடியும்வரை இவள் தன் சீட்டுகளைத் தொட மாட்டாள். இன்றும் தொடாமல் காத்திருந்தாள்.

"மேடம், அடைகாத்தது போதும். எடுங்க" என்றார் டாக்டர்.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது கிளப். மேசைகளில் பச்சைத் துணி, சுவரில் ஒழுகலின் பழுப்புக் கறை, அதை மறைக்க மாட்டிய அறிவிப்புப் பலகை. பிரிட்ஜ் ஜோடியாக ஆடும் ஆட்டம். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. ஜோடி இல்லாதவருக்கு மேசையில் இடமில்லை. ஜன்னலோரம் கிடக்கும் மர நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். அதில் உட்கார்ந்தவர்கள் யாரும் நெடுநாள் வந்ததில்லை. மழை என்பார்கள், முழங்கால் என்பார்கள், பிறகு அவர்களைப் பற்றிய பேச்சே நின்றுபோகும். நாத்தனார் இறந்ததிலிருந்து அந்த நாற்காலி இவளுடையதாகியிருந்தது. கிளப் செயலாளர் காலையில் போனில் சொன்னார்: "அக்கா, டாக்டருக்கும் ஜோடி இல்ல. இன்னிக்கு ஒருநாள் சேர்ந்து ஆடிப் பாருங்க. ஒத்துவந்தா இந்த வருஷத்துக்கு ரெண்டு பேரையும் போட்டுடறேன். வரலன்னா அவர் வேற ஆளத் தேடிக்குவார். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

ஒத்துவருவது என்றால் என்ன என்று பகலெல்லாம் யோசித்திருந்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் முகம் தெரியாத எத்தனையோ பேரை ஒருவரோடொருவர் சேர்த்துவைத்தவள்தான். சேர்த்ததும் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட வேண்டும். அதுதான் வேலை.

ஒரே வீட்டில் இருந்தும் நாத்தனாரோடு அவளுக்குப் பேச்சு இல்லை. கணவர் போன மறுவாரம், "அண்ணனை இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம் அண்ணி" என்று நாத்தனார் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம் வீட்டின் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு பால் தீர்ந்தது, கதவு பூட்டியாகிவிட்டது, கேஸ் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலைகளில் இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறி, ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு இங்கே வந்தார்கள். வீட்டில் எலியும் பூனையும், மேசையில் நகமும் சதையும் என்று கிளப்பில் கேலி செய்வார்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஏலம் உண்டு. கையில் இருப்பதை ஜோடிக்குச் சொல்ல அந்தச் சில சொற்களைத் தவிர வேறு வழி கிடையாது. கண்ஜாடை கூடாது, செருமக் கூடாது. அந்தச் சொற்களில்தான் நாத்தனார் அவளோடு பேசினாள்.

முதல் ஆட்டத்தில் டாக்டர் "ஒரு நோ டிரம்ப்" என்று கேட்டார். தன் கை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு இடப்பக்கம் இருந்த பேங்க் மேனேஜர், விடமாட்டேன் என்பதுபோல் "டபுள்" என்றார். அவள் கையில் ஒரு படச்சீட்டுகூட இல்லை. ராஜா இல்லை, ராணி இல்லை, பொடிப்பொடியாகப் பதிமூன்று சீட்டுகள்.

"இரண்டு டைமன்" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நாத்தனாரின் சொல் அது. என்றோ ஒருநாள், வெறுங்கையோடு மாட்டிக்கொண்டபோது அவள் சொன்னாள், இவளுக்குப் புரிந்தது. டைமன் இருக்கிறது என்பதல்ல, ஒன்றுமே இல்லை என்பது. இருவரும் அதைப் பற்றிப் பேசி வைத்துக்கொண்டதேயில்லை. தனி அர்த்தம் வைத்திருந்தால் எதிராளி கேட்கும்போது சொன்னவரின் ஜோடி அதை விளக்கியாக வேண்டும் என்பது விதி. யாராவது கேட்டால் இவள் "கை காலி" என்று மட்டும் சொல்வாள்.

மேனேஜரின் மனைவிதான் அவருக்கு ஜோடி. அவள் டாக்டரைப் பார்த்து, "அதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்றாள்.

"டைமன் நெறைய இருக்குன்னு அர்த்தம். வேறென்ன, வைர வியாபாரமா?" என்றார் டாக்டர், நிம்மதியாக.

ஏலம் அங்கேயே நின்றது. அவள் ஆட வேண்டியதாயிற்று. டாக்டர் தன் சீட்டுகளை மேசையில் முகம் தெரிய விரித்துவிட்டு 'டம்மி' ஆனார். டம்மி பேசக் கூடாது. அவள் கேட்கும் சீட்டை எடுத்துப் போட வேண்டும், அவ்வளவே. அவள் கையிலிருந்து பொடிச் சீட்டுகள் ஒவ்வொன்றாய் விழ, அவர் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். படுதோல்வி.

"நாத்தனார்னு நெனச்சு சொல்லிட்டீங்களாக்கா?" என்றாள் மேனேஜரின் மனைவி. கெட்ட எண்ணம் இல்லை. "அது இவங்க ரெண்டு பேரோட பாஷை சார்."

"நீ சும்மா இருக்கமாட்டே?" என்றார் மேனேஜர்.

"நீங்க சீட்டைக் கலைங்க, என்னைக் கலைக்காதீங்க."

தேநீர் இடைவேளையில் டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். செயலாளர் பலகையில் ஒட்டியிருந்த ஜோடிகளின் பெயர்களை இருவரும் படிப்பதுபோல் பார்த்தார்கள். அடியில் ஒரு வரி காலியாக இருந்தது.

"அது என்ன பாஷை மேடம்? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

சொல்லிவிடலாம். சொன்னால் மேசையில் இடம் நிலைக்கும். ஆனால் அந்த வீட்டில் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்; பாத்திரம் பண்டம்போல் அதை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துவிட முடியுமா?

"ஒண்ணுமில்ல டாக்டர். பழக்க தோஷம். தப்பா சொல்லிட்டேன்."

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டார். "வாயத் தெறந்து வச்சுக்கிட்டு பேச முடியாதவங்களோடயேதான் காலம் பூரா பேசியிருக்கேன்" என்றார். "எங்க வலிக்குதுன்னு அவங்க சொன்னதில்ல." பிறகு எதுவும் கேட்கவில்லை. செயலாளர் தூரத்திலிருந்து புருவம் உயர்த்தியபோது, பார்க்கலாம் என்பதுபோல் கையை மட்டும் அசைத்தார்.

அதன் பிறகு ஆட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. டாக்டர் ஜோக் அடிப்பது குறைந்திருந்தது. இந்தத் தொல்லை வேண்டாமென்று முடிவு செய்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள். ஜன்னலோர நாற்காலியில் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கடைசி ஆட்டத்தில் அவள் கை நன்றாக வந்தது. "ஒரு நோ டிரம்ப்" என்றாள். அவளுக்கு இடப்பக்கமிருந்த மேனேஜரின் மனைவி உடனே "டபுள்" என்றாள்.

டாக்டர் சீட்டுகளை மூடி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இரண்டு டைமன்."

அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ஜாடை கூடாதென்பதால் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் சீட்டிலிருந்து தலையை எடுத்து அவளைப் பார்த்தார். விதிப்படி கேட்க வேண்டியவர் அவர்.

"என்னம்மா அர்த்தம்?"

டைமன் நிறைய இருக்கலாம். அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம். வெளியே ஒரு வண்டி நின்று, யாரையோ ஏற்றிக்கொண்டு போயிற்று.

"நாங்க பேசி வச்சுக்கல" என்றாள். "ஆனா நான் இப்படித்தான் எடுத்துக்கறேன். கை காலி." இதுவரை யார் கேட்டும் இதற்கு மேல் சொன்னதில்லை. "என்னால முடியல, நீ பாத்துக்கோன்னு சொல்றார்."

மேனேஜரின் மனைவி தன் சீட்டுகளை மறுபடி அடுக்கினாள்.

அவள் "இரண்டு ஹார்ட்" என்றாள். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். முதல் சீட்டு விழுந்தது. டாக்டர் கவிழ்த்து வைத்ததை எடுத்து, வரிசை வரிசையாக மேசையில் விரித்தார். டைமனில் இரண்டே இரண்டு. படச்சீட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஏழும் நான்கும் மூன்றுமாக, கடை மூடும் நேரத்துக் கூடையில் மிஞ்சியவைபோல் கிடந்தன. டாக்டர் கைகளை மடியில் கட்டிக்கொண்டார். இனி ஆட்டம் முடியும்வரை அவர் பேசக் கூடாது.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அந்தச் சீட்டுகளைப் பார்த்தாள்.

"சின்னது போடுங்க" என்றாள்.

எது சின்னது என்று தேடுவதுபோல் அவர் விரல் வரிசையின்மேல் நெடுநேரம் நகர்ந்தது.