அண்ணா வைத்த கல்

ஹெந்தளைக் காணியில் வீட்டைக் கொங்கிறீற் தூண்களில் தூக்கி நிறுத்தப்போகிறேன் என்று நான் சொன்னபோது, கீழே கோழி வளர்க்கப் போகிறாயோ என்று அண்ணா கேட்டார். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறவருக்கு வெள்ளம் என்பது பேப்பரில் வாசிக்கிற விஷயம். அந்தக் காணி பள்ளம். மழை பெய்தால் தெருவிலும் ஒழுங்கையிலும் ஓடுகிற தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து படுக்கும். அயலவர்கள் லொறி லொறியாக மண் கொட்டி நிரப்பினார்கள். நான் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் வரைகிறவள். தண்ணீர் தன்பாட்டில் வந்து போகட்டும், நாங்கள் அதற்கு மேலே இருப்போம் என்று நினைத்தேன்.

"அத்திவாரம் இல்லாமல் ஒரு வீடோ?" என்றார் அண்ணா.

"ஒவ்வொரு தூணும் ஒரு அத்திவாரம்தான், அண்ணா."

"ஆட்டுக் கொட்டிலுக்கு அது காணும். மனுசர் இருக்கிற வீட்டுக்குக் காணாது."

அண்ணா கனகசபாபதி என்றால் வெள்ளவத்தையில் பாதிப்பேருக்குத் தெரியும். வங்கி மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கலியாண வீட்டிலும் முன்வரிசைக் கதிரை அவருக்குத்தான். என் கணவர் கிருபாகரன் மாரடைப்பில் இறந்த கிழமை, ஆஸ்பத்திரிக்கும் சுடலைக்கும் ஓடித் திரிந்தவரும் அவர்தான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தோடு என் வாழ்க்கையின் திறப்பையும் எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதையும் மறக்கவில்லை.

கல் வைக்கிற நாள் அவர் பார்த்த நாள். ஐயர் அவர் கூட்டிவந்த ஐயர். காணியில் தூண்களுக்குக் குழிகள் வெட்டியிருந்தன. ஈசான மூலைக் குழிக்குப் பக்கத்தில் கும்பம் வைத்து, நவதானியமும் பஞ்சலோகமும் தட்டில் எடுத்து வைத்திருந்தார்கள். நான் குளித்து, புதுச்சேலை கட்டிக்கொண்டு மகள் தாரிகாவோடு குழியடிக்கு வந்தேன். காணி என் பெயரில். வீடு என் உழைப்பில். நான் வராமல் வேறு யார் வருவது?

அண்ணா என்னோடு கதைக்கவில்லை. தாரிகாவைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை, அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. மாமாவும் மாமியும் கல் வைக்கப் போறம்."

கலியாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்லுகிற ஐயர், அருந்ததி என்று பெயர் வைத்த என்னைப் பார்க்காமல் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பிள்ளையின் முகம் சிவந்து போயிற்று. அவள் எனக்கு என்னவென்று சொல்லுவாள்? அவளைச் சொல்ல வைக்காமல் நானே ஒழுங்கைக்குப் போய், சீமெந்து மூடைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணாவும் மச்சாளும் குழிக்குள் கல்லை வைத்துப் பால் ஊற்றினார்கள். போட்டோ எடுத்தார்கள். அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

வாய்க்கால் வெட்டிக் கட்டுகிற அத்திவாரம் என்றால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஒரு மூலையில் வைத்த கல் முழுச் சுவரோடும் சேர்ந்து விடும், பிறகு பிரிக்க ஏலாது. தூண்கள் அப்படியில்லை. ஒவ்வொன்றும் தன் குழியில் தனியாக நிற்கும். ஆட்டுக் கொட்டில் என்று சிரித்தவருக்கு இது தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

அடுத்த நாளே எங்கள் எஞ்சினியர் முத்துலிங்கத்திடம் வரைபடத்தைக் கொண்டுபோனேன்.

"சேர், இந்த ஈசான மூலைத் தூணில பாரம் ஏறாமல் வீட்டை நிப்பாட்டலாமோ?"

"ஏலும். மூலைக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தூண் கூடப் போட்டு, பீமை வெளியால நீட்டவேணும். ஏன், அந்த மூலையில மண் சரியில்லையோ?"

"ஓம் சேர். அந்த மூலை சரியில்லை."

என் பழிக்கு இரண்டு தூண் மேலதிகச் செலவு. சந்தோசமாகக் கொடுத்தேன். கொங்கிறீற் போட்ட அன்று லீவு எடுத்துக்கொண்டு போய், ஈசான மூலையைத் தவிர மற்ற ஒவ்வொரு குழிக்குள்ளும் முதல் தாச்சிச் சட்டிக் கலவையை நானே கொட்டினேன். மேசன் ஜீவராஜ் கிராண்ட்பாஸில் இருந்து வருகிறவர், ஊர் பதுளைப் பக்கம். பீம் கட்டும்போது, ஈசான மூலைத் தூணின் கம்பிகளை மட்டமாக வெட்டி, தலையில் ஒரு துண்டு ரெஜிபோமை வைக்கச் சொன்னேன். டிவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளைச் சாமான்.

"மிஸ், இத வச்சா தூணும் பீமும் ஒட்டாதுங்களே. அப்புறம் இந்தத் தூணு எதுக்கு?"

"அது எங்கட அண்ணாவுக்கு, ஜீவராஜ்."

கல் வைத்த நாளில் அவரும் அங்கே நின்றவர்தான். வேறொன்றும் கேட்காமல் ரெஜிபோமை அளவாக வெட்டி வைத்து, பார்வைக்குத் தெரியாதபடி சீமெந்துத் தண்ணீரும் பூசிவிட்டார்.

கூரை போட்ட பிறகு ஒரு பெருமழை வந்தது. ஒழுங்கை ஆறாக ஓடிற்று. மண் கொட்டி நிரப்பிய வீடுகளிலும் தண்ணீர் ஏறிற்று. என் வீட்டுக்குக் கீழே தண்ணீர் தூண்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று, மேலே வீட்டுத் தரையைத் தொடவில்லை. அந்தக் கிழமை கனடாவில் இருந்து சித்தி போன் எடுத்தா.

"கனகு கல் வைச்ச வீடாம், தண்ணி கிட்டவும் வரேல்லையாம். அவன்ர கைராசி அப்பிடி" என்றா.

அதுவரைக்கும் எனக்குள் ஒரு சின்ன இரக்கம் இருந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் விட்டுவிடுவோமா என்று இரண்டொரு தரம் யோசித்ததும் உண்டு. அந்தப் போனோடு அதுவும் போயிற்று. புதுவீட்டுக் குடிபூரலுக்கு முதல் நாள், வீட்டுக்குக் கீழே தவழ்ந்து போய், அந்த ரெஜிபோம் முழுவதையும் ஆணியால் கிண்டி எடுத்தேன். தலைமயிரெல்லாம் வெள்ளைப் பொரி. தாரிகா லைட் பிடித்தாள். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

குடிபூரலுக்கு அண்ணா பட்டுவேட்டி, பட்டுச் சால்வையோடு வந்தார். சனம் நிறைந்திருந்தது. படியில் கால் வைக்கும்போதே சொன்னார்.

"பிள்ளை, பால் பொங்கும் வரைக்கும் அம்மா பின்னறையில இருக்கட்டும். மாமி காய்ச்சுவா."

நான் பின்னறைக்குப் போகவில்லை. கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தேன்.

"அண்ணா, முதல்ல நீங்கள் வைச்ச கல்லுக்குக் கற்பூரம் காட்டுவம். அதாலதானே வீடு நிக்குது."

அவருக்கு மனம் குளிர்ந்து போயிற்று. வாருங்கள் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஈசான மூலைக்கு வந்தார். தரை அவர் நெஞ்சளவு உயரம், ஆனபடியால் குனிந்துதான் தூணைப் பார்க்கவேண்டும். குனிந்தார். அவருடைய தோளில் கிடந்த சால்வையை நான் உருவி எடுத்தேன். அதன் கரையைப் பிடித்து, தூணின் தலைக்கும் பீமுக்கும் நடுவில் விட்டு, மற்றப் பக்கத்தால் இழுத்தேன். ஒரு இடத்திலும் தடக்காமல் முழுச் சால்வையும் வெளியே வந்தது.

அண்ணா விரலை அந்த இடைவெளிக்குள் விட்டுப் பார்த்தார்.

"இது முட்டேல்லையே."

"ஓம், முட்டாது. முட்டாமல்தான் கட்டச் சொன்னனான். உங்கட கல்லில ஒரு தூசியும் நிக்கேல்ல, அண்ணா. வீடு மற்றத் தூணுகளில நிக்குது. அதுகளுக்கெல்லாம் நான்தான் முதல் தாச்சி கொட்டினனான், இந்தக் கையால. வெள்ளம் வந்தது, பாத்தனீங்கள்தானே. வீடு விழுந்ததோ?"

"அருந்ததி, சனத்துக்கு முன்னால..."

"சனத்துக்கு முன்னாலதான் என்னையும் ஒழுங்கையில விட்டனீங்கள்."

அவர் நிமிர்ந்த வேகத்தில் தலை பீமில் மோதிற்று. நல்ல கொங்கிறீற். மச்சாள் ஓடிவந்து தலையைத் தடவினா. ஐயர் இந்தமுறை என் முகத்தைப் பார்த்தார். கூட்டத்தின் பின்னால், இடுப்பில் புதுச் சாரத்தோடு நின்ற ஜீவராஜ் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு துளி கவலையும் வரவில்லை. நெடுநாள் தைத்திருந்த முள்ளை எடுத்த மாதிரி இருந்தது.

சால்வையை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியேறினேன். தாரிகா பால்பானையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். பழக்கதோசத்தில் அண்ணா எங்களை முந்திக்கொண்டு ஏறிவந்து அடுப்படி வாசலில் நின்றார். அவள் பானையை இறக்காமலே அவரைப் பார்த்தாள்.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. அம்மா பால் காய்ச்சப் போறா."

அண்ணா தள்ளி நின்றார்.