மழைமானிக்குக் குடை

என் வேலை மழையை அளப்பது. இருக்கும் இடமோ பாலைவனம். இதைச் சொன்னாலே எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, குடியிருக்க இரண்டு அறையும் ஒரு முற்றமும் கொடுத்திருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு முற்றத்து வேலிக்குள் போய் வெப்பமானியைப் பார்ப்பேன், காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பேன், கடைசியாக மழைமானியின் அடிப்பக்கக் கதவைத் திறந்து பார்ப்பேன். மேலே ஒரு புனல், கீழே ஒரு பாட்டில், அவ்வளவுதான் அந்தக் கருவி. பாட்டிலில் தூசி இருக்கும். பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நான்கு வருஷமாக, ஆயிரத்து நானூறு பூஜ்யத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன். என் பூஜ்யம் இப்போது அச்சடித்த மாதிரி அவ்வளவு உருண்டையாக வரும்.

மேகமே வராது என்றில்லை. வரும், இருட்டும், மழை இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஆனால் கீழே வருவதற்குள் பாதி வானத்திலேயே காய்ந்துபோகும். என் மனைவி துணி உலர்த்தும்போது கடைசித் துணியைக் கொடியில் போடுவதற்குள் முதல் துணி முறுகிவிடும். பகலில் விசிறி, விடியற்காலையில் கம்பளி, இரண்டும் ஒரே நாளில் வேண்டும். தண்ணீர் செவ்வாயும் வெள்ளியும் லாரியில் வரும்.

இப்படி இருக்கும்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மழையே பெய்யாத இடத்தில் மழையை அளக்க ஓர் ஆள் எதற்கு, ஓர் இயந்திரம் போதாதா என்று யோசிக்கிறார்களாம். அடுத்த மாதம் மேலதிகாரி நேரில் வந்து பதிவேட்டைப் பார்த்து முடிவு சொல்வார்.

"பார்க்கட்டுமே. பூஜ்யம்தானே இருக்கு? படிக்க நேரமாகாது," என்றாள் மனைவி.

வேலை போனால் வீடும் போகும் என்பது ஒரு பக்கம். அதைவிட, நான்கு வருஷத்தில் ஒரே ஒரு நாளாவது பூஜ்யத்தைத் தவிர வேறு ஓர் எண்ணை எழுதாமலே போகப்போகிறேன் என்பதுதான் என்னை அரித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு குருவி மழைமானியின் புனலுக்குள் கூடு கட்டியது. மணல் நிறக் குருவி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இந்த ஊரில் நிழலுக்கு மரம் கிடையாது. இருப்பதெல்லாம் முழங்கால் உயரப் புதர்கள், இலை என்று பேருக்கு ஏதோ வைத்துக்கொண்டு முள்ளைத்தான் நம்பி வாழ்கின்றன. புனலின் விளிம்பு உயரமாக இருந்ததால் அதற்குப் பிடித்துவிட்டது. நான் கவனிப்பதற்குள் நான்கு முட்டை.

சட்டப்படி எடுத்து வெளியே போட்டிருக்க வேண்டும். நான் கணக்குப் போட்டேன். முட்டை பொரிந்து குஞ்சு பறக்க ஒரு மாதம் ஆகும். நான்கு வருஷம் பெய்யாத மழை இந்த ஒரு மாதத்திலா பெய்துவிடப் போகிறது? இருக்கட்டும் என்று விட்டேன். மழை வராது என்று வானிலைக்காரனே நம்பியதுதான் நான் செய்த தப்பு.

முட்டைகள் பொரிந்தன. மத்தியான வெயிலில் தாய்க்குருவி கூட்டின் மேல் நின்று இரண்டு சிறகையும் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், ஆனால் நகராது. தினமும் பதிவேடு எழுதுகிற சாக்கில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

குஞ்சுகளுக்கு ஒன்பது நாள் வயதானபோது, ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் வாத்தியார் வெளியே வரவில்லை. வாத்தியார் என்பது அலுவலகப் படிக்கட்டின் கீழ் வளை தோண்டிக் குடியிருக்கும் முள்வால் ஓணான். காலை ஒன்பதுக்கு டாண் என்று வந்து கல்மேல் ஏறி வெயில் காய்வார். அன்று வளையின் வாயையே மண்ணால் அடைத்து வைத்திருந்தார். எறும்புகள் வேறு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறின.

இரண்டரை மணிக்கு வந்த தண்ணீர் லாரி ஓட்டுநர் குழாயை மாட்டிக்கொண்டே சொன்னார். "என்ன சார், வாத்தியார் இன்னிக்கு லீவா? எனக்கென்னவோ சரியாப் படலை."

"வானத்தைப் பாருங்க, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு," என்றேன்.

மூன்று மணிக்கு மேற்கே மண் சுவர் ஒன்று எழுந்தது. காற்று மாறியது. மனைவி வாசலுக்கு வந்து மூக்கை உறிஞ்சினாள். அடுத்த நிமிஷம் அடுக்களையில் கடகடவென்று சத்தம். வாளி, அண்டா, டம்ளர், அரிசி டப்பா, பிரஷர் குக்கர் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து முற்றத்தின் நடுவில் பரப்ப ஆரம்பித்தாள்.

"எதுக்கு இந்தக் கடை? எப்பவும்போல மேலேயே காஞ்சு போயிடும்," என்றேன்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் என் பாத்திரத்தைப் பார்த்துக்கறேன்."

பத்தொன்பதாவது பாத்திரத்தை வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது அவள் நெற்றியில் முதல் துளி விழுந்தது. அடுத்த துளி என் மூக்கில். பிறகு எண்ண முடியவில்லை.

நான் கத்தினேன். மழை என்று கத்தினேனா, ஐயோ என்று கத்தினேனா, தெரியாது. ஏனென்றால் அப்போதுதான் குஞ்சுகள் ஞாபகம் வந்தது. புனலின் ஓட்டையைக் கூடு அடைத்திருக்கிறது. தண்ணீர் கீழே இறங்காது, அங்கேயே தேங்கும். ஓடிப்போய்ப் புனலைத் திருகிக் கழற்றப் பார்த்தேன். நான்கு வருஷ மண் உள்ளே போய்த் திருகு இறுகிக் கிடந்தது. தாய்க்குருவி அதே பழைய மாதிரி சிறகை விரித்து நின்றது. வெயிலுக்குச் சரி, இந்த அடிக்கு அந்தச் சிறகு எங்கே தாங்கும்?

அலுவலகத்துக்குள் ஓடினேன். துறை கொடுத்த பொருள்களில் கறுப்புக் குடை ஒன்று இருந்தது. நான்கு வருஷமாகச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. மல்லுக்கட்டித் திறந்து, மழைமானிக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மழையை அளக்கச் சம்பளம் வாங்குகிறவன், மழைமானிக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"இடி இடிக்குது! இரும்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நடு முற்றத்துல நிக்கிறீங்களே, புத்தி இருக்கா?" மனைவி வாசலிலிருந்து கூச்சலிட்டாள்.

"குஞ்சு இருக்குடி!"

நாற்பது நிமிஷம் நின்றேன். என் முதுகெல்லாம் தண்ணீர். அதன் சுகத்தைச் சொல்லி மாளாது. பிறகு யாரோ குழாயை மூடியதுபோல மழை நின்றது. எட்டிப் பார்த்தேன். தாய்க்குருவி என்னை முறைத்தது. அதன் வயிற்றுக்குக் கீழே நான்கு மஞ்சள் வாய்களும் திறந்திருந்தன.

சந்தோஷம் இரண்டு நிமிஷம்தான் இருந்தது. மழைமானியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. நான்கு வருஷம் காத்திருந்த மழையை நானே கைப்பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல்.

மழைக்காக லாரியை ஓரங்கட்டியிருந்த ஓட்டுநர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "குத்துமதிப்பா ஒரு நம்பர் போடுங்க சார். யாரு பார்த்தாங்க?"

"ஆயிரத்து நானூறு தடவை உண்மையை எழுதியிருக்கேன். இன்னிக்கு எப்படிங்க?"

தலையைக் குனிந்துகொண்டிருந்த என் காதில் தண்ணீர் ஊற்றும் சத்தம் விழுந்தது. மனைவி ஒவ்வொரு பாத்திரமாகத் தூக்கி டிரம்மில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு பாத்திரம் காலி. குக்கரைக் கையில் எடுத்துவிட்டாள்.

"நிறுத்து! குக்கரைக் கீழே வை!"

அவள் பயந்துபோய் அப்படியே நின்றாள். திறந்த வெளியில் வைத்த பாத்திரம், அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமாக இருந்தால், அதில் நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழையின் அளவு. மழைமானி செய்வதும் அதைத்தானே! மிச்சமிருந்த ஐந்தில் வாளியும் பேசினும் வாய் அகன்றவை, உதவாது. குக்கர், அரிசி டப்பா, பிஸ்கட் டப்பா மூன்றும் நேரான பக்கம் உள்ளவை. ஸ்கேலை எடுத்துவந்து அவளையே அளக்கச் சொன்னேன். அழுத கண்ணுக்குக் கோடு சரியாகத் தெரியவில்லை.

"இருபத்திமூணு," என்றாள். அடுத்ததைப் பார்த்தாள். "இருபத்திமூணு." பிஸ்கட் டப்பாவுக்குக் குனிந்து, "இதுவும் அதேதாங்க!" என்று கத்தினாள்.

பதிவேட்டில் எழுதினேன்: மழை 23 மில்லிமீட்டர். குறிப்பு: மழைமானியில் குருவிக் குஞ்சுகள் இருந்ததால் அதற்குக் குடை பிடிக்கப்பட்டது. அளவு குக்கரிலும் இரண்டு டப்பாக்களிலும் எடுக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது.

மேலதிகாரி மூன்றாவது வாரம் வந்தார். கண்ணாடி போட்ட அம்மா, அதிகம் பேசாதவர். அதற்குள் குஞ்சுகள் பறந்துவிட்டிருந்தன. வாத்தியார் கல்லுக்குத் திரும்பி, புதுத்தழையாகப் பார்த்துத் தின்று கொழுத்திருந்தார். எத்தனையோ வருஷமாக மணலுக்குள் கிடந்த விதைகளெல்லாம் ஒன்றாக முளைத்து, கண்ணுக்கெட்டிய தூரம்வரை விரல் உயரத்துக்கு மஞ்சள் பூ. அந்த அம்மாவுக்குக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவந்தார்.

பதிவேட்டைப் புரட்டினார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அந்தப் பக்கம் வந்ததும் நின்றார். குறிப்பை இரண்டு தடவை படித்தார்.

"அந்தக் குக்கரைக் கொண்டு வாங்க."

மனைவி உள்ளிருந்த பருப்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். அந்த அம்மா ஸ்கேல் வைத்து மேலேயும் கீழேயும் அளந்தார். ஒரே அகலம். டப்பாக்களையும் அளந்தார்.

"பக்கத்து நிலையத்துல இருபத்திரண்டு பதிவாயிருக்கு. அளவு சரிதான்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இயந்திரத்தை அனுப்பறேன். நீங்களும் இருங்க. அதுக்குள்ள குருவி உட்கார்ந்தா, பார்க்க ஓர் ஆள் வேணுமில்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேனாவை நீட்டினார். "ஆனா ஒண்ணு. முன்னாடியே பாத்திரம் வெச்சது யாரு?"

"இவதான் மேடம்."

"ஸ்கேல் பிடிச்சு அளந்தது?"

"அதுவும் இவதான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"மழையைத் தடுத்தேன் மேடம்."

"அப்புறம் அளந்தவர் கட்டத்துல உங்க கையெழுத்து எப்படி வந்தது? அடிங்க அதை."

அடித்தேன். மனைவி கையைத் துண்டில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, முத்து முத்தாகத் தன் பெயரை எழுதினாள். நான்கு வருஷத்துப் பூஜ்யங்கள் அத்தனையும் என் பெயரில் இருக்கின்றன. பெய்த ஒரே மழை அவள் பெயரில் இருக்கிறது. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அதைவிடப் பத்து மடங்கு பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாட்டிலைத் திறந்து பார்த்துப் பூஜ்யம் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் டீயைக் கொண்டுவந்து வைத்து, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"சரி, நீங்க உங்க வேலையைப் பாருங்க," என்றாள். "மழை வந்தா என்னைக் கூப்பிடுங்க."