டிப்டோ பாடம்

மலேசியாவின் கூலிம் நகரில், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்தேன். கூடத்தில் என் கணவர் சத்தியசீலன், மகளுக்கு இங்கிலீஷ் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். அதற்கு இந்த மனுஷனுக்கு வேறு நேரமே கிடைக்கவில்லை.

"டிப்டோ! டிப்னா நுனி, டோன்னா கால்விரல். முதல்ல விரல் நுனிக்குத்தான் அந்தப் பேரு. அப்புறம்தான் சத்தம் போடாம நடக்கிறதுக்கும் ஆச்சு. இப்படித்தான், பாரு!"

தடாலென்று நாற்காலி சாய்ந்தது.

"இன்னொரு தடவ, அப்பா!" என்று மகள் கைதட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

"ஏங்க, நான் தூங்க வேணாமா?"

அவர் முகம் வாடிவிட்டது.

"உனக்காகத்தான் லா சொல்லிக் கொடுக்கிறேன். நீ தூங்கும்போது இவ எப்படி நடக்கணும்னு."